இம்மி

வெர்னா ஸ்டால்நேக்கருக்கு முப்பத்தொரு வருஷ வேலை
எலிகளுக்குத் தூசி கொடுப்பது.
மார்கன்டவுன், மோனோங்ககேலா ஆற்றுக்கு மேட்டில்
ஜன்னல் திறக்காத அரசாங்கக் கட்டடம்.
முதலில் கரித்தூசி. அப்புறம் மணல்தூசி.
கரியைப் பற்றி அவள் படித்துத் தெரிய வேண்டியிருக்கவில்லை;
அவள் அப்பா கடைசி வருஷங்களில்
உட்கார்ந்தபடியேதான் தூங்கினார்.

ஒரு மார்ச் மாதம் அந்தக் குப்பி வந்தது.
காலி என்று குப்பைக்கூடைக்கு நீட்டியவன் நான்தான்.
"பொறு" என்று வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.
உள்ளே, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு,
மையும் அல்லாத புகையும் அல்லாத ஒரு கருப்பு.
குழாய்கள், என்றாள், கரியில் செய்தவை,
தலைமயிரை நெடுக்காக ஆயிரமாய் வகிர்ந்தால் ஒன்று.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது.
இது சிறுக்கச் சிறுக்கக் காரம் ஏறும் கடுகு.
ஐம்பத்தாறாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தோம்:
நுரையீரல் விளிம்பைத் துளைத்து வெளியே
ஒரு முனை,
தைத்தவர் எடுக்க மறந்த ஊசி போல.
அன்று மதியச் சாப்பாட்டை அவள் முழுதாகச் சாப்பிட்டாள்.
எனக்குத்தான் இறங்கவில்லை.

ஏக்ரனிலிருந்து கம்பெனிக்காரர் வந்தார்,
கையில் ஒரு டென்னிஸ் மட்டை. எடையே இல்லை, பாருங்கள்.
வாங்கி ஒரு வீசு வீசினாள். "நல்ல மட்டை.
ஆலையில் சாக்கு பிரிக்கிறவர் முகத்தில் என்ன கட்டுகிறார்?"
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு எண்ணை எழுத ஒன்பது வருஷம்.
ஒரு கன மீட்டர் காற்றில் இவ்வளவு, மேலே கூடாது.
அதற்குக் கீழே ஆபத்தில்லை என்று அல்ல,
அதற்குக் கீழே எங்கள் தராசுக்குக் கண் தெரியாது.
இந்த வரியை வாஷிங்டன் இரண்டு முறை அடித்தது,
இரண்டு முறையும் திரும்ப எழுதினாள்.
அப்படியும் அது சட்டம் இல்லை. பரிந்துரை.

பட்ஜெட் சண்டையில் அலுவலகங்களைப் பூட்டிய நாட்களில்
சம்பளமில்லாமல் வந்து எலிகளுக்குத் தண்ணீர் மாற்றினாள்.
அவற்றுக்கு விடுமுறை இல்லை, என்றாள்;
கொல்லப்போகிறவளுக்கும்.

கடைசி நாள் கேக் வெட்டினோம்.
அலங்காரத்துக்கு யாரோ சல்லடையில்
சர்க்கரைப்பொடி தட்ட,
ஜன்னல் வெயிலில் மிதந்தது அது
இம்மி இம்மியாக, அழகாகத்தான்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
அவள் மட்டும் கத்தியைப் பிடித்தபடி நின்றாள்
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
நானும்தான்.