பல வீட்டு அரிசி

அந்த அரிசி ஒருநாளும் ஒரே பதத்தில் வெந்ததில்லை.
பொன்னி குழைந்துவிடும்.
இட்லி அரிசி விறைத்துக்கொண்டு நிற்கும்.
நடுவில் பழுப்பாய் ரேஷன் அரிசி
இரண்டுக்கும் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருக்கும்.
தாராபுரத்துச் சபையில்
எத்தனை வீட்டில் உலை வைத்தார்களோ
அத்தனை பிடியும் எங்கள் சட்டியில் கிடந்தது.

ரிக் வண்டியோடு வடக்கே போன அப்பா
எந்த ஊர்ப் பாறையைத் துளைக்கிறாரென்று
மூன்று வருஷமாய்த் தகவல் இல்லை.
அம்மா மண்டியில் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்தாள்.
ஜெபத்துக்குக் கைகூப்பினால்
முதலில் அந்த வாடைதான் மேலே போகும்.
அவருக்கும் கண் கரிக்கும் என்றான் தம்பி.

மாசத்தில் இரண்டாம் சனிக்கிழமை, பொழுதோட,
ஸ்பின்னிங் மில் வாட்ச்மேன் யோபு
சைக்கிள் கேரியரில் மூட்டையோடு வருவார்.
கொடுக்க வந்ததாய்ச் சொன்னதே இல்லை.
“கோயில்ல எலித் தொல்லைங்,
இங்க இருக்கட்டுங்.”
நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன்.
ஞாயிறு பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பெபியாள்,
அவள் வீட்டுப் பிடியும் இதில் இருக்கிறதென்று
தெரிந்து எனக்குப் பென்சில் கொடுத்தாளா,
தெரியாமல் கொடுத்தாளா.
இன்றுவரை கேட்கவில்லை.

ஒருநாள் பார்த்துவிட்டேன்.
உலையில் போடுமுன்
அந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி அள்ளிப்
பாட்டிலில் போட்டாள் அம்மா.
“வந்ததே பிச்சை, அதுல காணிக்கை வேறயா?”
பதினொரு வயது. பசி. வாயில் வந்துவிட்டது.
அவள் அடிக்கவில்லை.
பாட்டிலை மூடினாள், திறந்தாள்,
இன்னொரு பிடி போட்டாள்.
“இதுல நம்ம பிடியும் இருக்கோணும் கண்ணு.
இல்லீன்னாத்தான் அது நீ சொன்னது.”

ஆகாரம் கேட்கும் ஜெபத்தை அவள் தப்பாய்ச் சொல்வாள்.
எங்களுக்கு என்ற இடத்தில்
நமக்கு.
சற்குணம் டீச்சர் திருத்தினார்:
கேட்பது நாம், கொடுப்பது அவர்,
அவரைச் சேர்க்கக் கூடாது.
அம்மா தலையாட்டினாள்.
ராத்திரி மறுபடியும் நமக்கு.
தப்பு தப்புதான்.
ஆனால் குண்டு பல்பு வெளிச்சத்தில்
எங்கள் மூன்று தட்டுக்கு எதிரே
இன்னொருவரும் பசியோடு உட்கார்ந்திருப்பது போலிருக்கும்.
நான் இரண்டாம் தரம் சோறு கேட்கமாட்டேன்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய்
ஏழு கை மாறியது.
எடுத்தவரெல்லாம் திரும்ப மேசையிலேயே வைத்தார்கள்.
ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.
விடுதிக்கு நான் கட்டவேண்டியதும் அவ்வளவுதான்.
பூசணிக்காயும் எங்கள் வீட்டுக்கே வந்தது,
எலித் தொல்லையால்.

இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்குப் பிரிவு.
ஷிப்மெண்ட் நெருக்கினால்
ராத்திரி ஒன்பதுக்குத்தான் குக்கர்.
ஒவ்வொரு பருக்கையும் ஒரே பதம்.
ஏதோ குறைகிறதென்று சொன்னால் பொய்.
ருசியாகவே இருக்கிறது.
வறுமை நல்ல வாத்தியார் என்று மேடையில் சொல்பவர்கள்
அந்தச் சட்டியைக் கழுவினதில்லை.

சில மாசம் ஜெபம் வராது.
எதிரே யாரும் உட்காராதது போல.
அப்போதும் அரிசி களையுமுன்
கை தானாகப் பாட்டிலுக்குப் போகிறது.
இதற்குப் பெயர் விசுவாசமா, பழக்கமா,
ஐயரிடம் கேட்க பயம்.

போன சனிக்கிழமை மங்கலம் ரோட்டில்
ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் ஒற்றை அறை.
கதவுக்குப் பின்னால் பாதி முகம்,
எட்டு வயதிருக்கும்.
“கோயில்ல எலித் தொல்லை, இங்க இருக்கட்டும்.”
அவளுக்குத் தமிழ் அரைகுறை.
எலி மட்டும் புரிந்தது போல,
சிரித்தாள்.
கதவை இன்னும் கொஞ்சம் திறந்து
மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள்.