அங்கத்தவர் தமிழில் பேசினார்

சபை அறிக்கையில் அன்றைக்கு அவருக்கு
ஒரே ஒரு வரி:
"அங்கத்தவர் தமிழில் பேசினார்."
எழுதியவன் நான்.
சுருக்கெழுத்துக்காரன், மாதம் எழுபது ரூபாய்,
இங்கிலீசில் விழுவதை மட்டும் பொறுக்க வேண்டும்.

சூசைப்பிள்ளை சந்தியோகு.
மன்னார்ப் பக்கம், மாரியில் பாதை மூடுகிற ஊர்.
சபை கூடும் நாட்களில் கொட்டாஞ்சேனையில்
எங்கள் வீட்டு மேல்மாடியில் தங்குவார்.
கால்களை அகட்டித்தான் படியேறுவார்,
இடையில் இன்னும் ஒரு விலா இருப்பதைப்போல.

பதினெட்டு வயதில் கொழும்புத் துறைமுகத்தில்
ஒஸ்திரேலியக் குதிரைகளுக்குப் புல் ஏற்றப் போனவர்.
கப்பல் நகர்ந்தது. இறங்கவில்லை.
"மறந்தேனோ மறுத்தேனோ, தம்பி,
பம்பாயில் சீருடை தந்தார்கள்,
பாலஸ்தீனத்தில் ஈட்டி தந்தார்கள்."
அதற்குமேல் சொல்லமாட்டார்.
சோற்றில் கை வைப்பார்.

அன்றைக்கு வெக்கை நோய் மசோதா.
நோய் கண்ட பட்டிகளைச் சுட்டுவிட அதிகாரம்.
ஊரிலிருந்து பதினான்கு தந்தி: எதிர்த்துப் பேசு.
எழுந்தார். இங்கிலீசில் இரண்டு வசனம்.
மூன்றாவது வரவில்லை.
ஜன்னலுக்கு வெளியே காலிமுகக் கடல்
தன்பாட்டில் இரைந்துகொண்டிருந்தது.
பிறகு தமிழ் வந்தது.

"என் குதிரைக்கு இலக்கம் நூற்றுப் பதினேழு.
பெயர் வைக்காதே என்றார்கள். வைத்தேன்.
மூன்று வருடம் சுமந்தது.
யுத்தம் முடிந்ததும்
கப்பலில் ஆட்களுக்குத்தான் இடம் என்றார்கள்.
வரிசையில் நிறுத்தினோம்.
அவரவர் குதிரையை அவரவர் சுட்டால் கை நடுங்கும்,
மாற்றிக்கொள்ளுங்கள் என்றான் துரை.
என்னுடையது தலையைத் திருப்பித் திருப்பித் தேடியது.
நான் நாலு குதிரை தள்ளி
இன்னொருவனுடையதைச் சுட்டுக்கொண்டு நின்றேன்.

மசோதாவுக்கு நான் ஆதரவு.
வெக்கை கண்ட மாடு பிழைக்காது,
பக்கத்துப் பட்டியையும் கூட்டிக்கொண்டு போகும்.
வெளியூர்ப் பொலிசை மட்டும் அனுப்பவேண்டாம்.
வளர்த்தவன் கயிற்றைப் பிடித்தபடி நிற்கட்டும்."

சபாநாயகர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
தெற்கு அங்கத்தவர் ஒருவர்
பக்கத்தவரிடம் என்ன சொன்னான் என்று கேட்டார்,
பக்கத்தவர் உதட்டைப் பிதுக்கினார்.
மசோதா நிறைவேறியது.
கயிற்றைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஆகவே அவரே போனார்.
பட்டி பட்டியாக, சொந்தத் துவக்கோடு.
மாட்டுக்காரன் கழுத்தைக் கட்டிக்கொண்டு
அழுது முடிக்கும்வரை
வெயிலில் காத்து நின்றாராம்.

அடுத்த தேர்தலில் அவருடைய பெட்டிக்குப் பச்சை நிறம்.
எதிராளி வெறும் நுகத்தடியோடு ஒரு வண்டியை
ஊர் ஊராக ஆட்களைவிட்டு இழுப்பித்தான்.
வேறு பிரசாரம் தேவைப்படவில்லை.
சொந்த ஊரில் அவருக்கு ஒன்பது வாக்கு.
வீட்டில் வாக்குள்ளவர்கள் எட்டுப் பேர்.
அந்த ஒன்பதாவது ஆள் யாரென்று
சாகும்வரை விசாரித்தார்.

தோற்றபின் ஒரே தடவை கொழும்புக்கு வந்தார்,
பேச்சின் பிரதி கேட்டு.
அச்சடித்த வரியைக் காட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்து இரண்டு தரம் படித்தார்.
"பிழையில்லை," என்றார். "தமிழில்தான் பேசினேன்."

பின்னேரம் காலிமுகத்திடலில் நடந்தோம்.
பொலிஸ் குதிரைகள் இரண்டு எதிரே வந்தன.
அவர் தொடவில்லை, கிட்டவும் போகவில்லை.
பின்னங்கால் லாடம் ஒன்று தளர்ந்திருக்கிறது என்று
சவாரிக்காரனிடம் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னார்.
அவன் சிரித்துவிட்டுப் போனான்.

விதியை மீறி அன்றைக்கு
முழுவதையும் கீறி வைத்திருந்தேன்.
அந்தக் கொப்பி இன்னும் என்னிடம்.
தமிழ்ச் சத்தத்தை இங்கிலீசுக் கோடுகளில் பிடித்தது;
அவசரத்தில் உயிரெழுத்துப் புள்ளிகளை வைக்கவில்லை.
எல்லாம் வாசிக்க முடிகிறது,
'வைத்தேன்' என்பதற்குப் பிறகு அவர் சொன்ன
அந்தப் பெயரைத் தவிர.
ஒரு ம. ஒரு ர.
மாரியா, மேரியா, மூரியா?
திடலில் கேட்டிருக்கலாம்.
கடலை வாங்கித் தந்தார்,
உரித்துக்கொண்டே நடந்தேன்.