பதினாறு, எட்டு

மூன்று வருடமாக மூன்றெழுத்துச் சொல் ஒன்றோடு மல்லுக்கு நிற்கிறேன்.
கார். கிரேக்கம்.
'ஏனென்றால்' என்கிறது அகராதி.
மாற்கு என்று நாம் அழைக்கிறவர்
அந்தச் சொல்லில்தான் எழுதுகோலை வைத்துவிட்டு எழுந்து போனார்.
கல்லறைக்கு வந்த பெண்கள் ஓடிப்போனார்கள்,
யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை,
பயந்தார்கள், ஏனென்றால்

அதற்குப் பிறகு
மிகப் பழைய பிரதிகள் இரண்டில் ஒன்றுமில்லை.
ஒன்றில் ஒரு பத்தி முழுக்கக் காலி,
வராத விருந்தாளிக்கு இலை போட்டு வைத்ததுபோல.

ஒரு நூல் 'ஏனென்றால்' என்று முடியுமா?
முடியாது, கடைசி ஏடு கிழிந்துபோயிற்று என்று ஒரு கட்சி.
முடியும் என்று இன்னொரு கட்சி.
என் நெறியாளர் எந்தக் கட்சியும் இல்லை.
அடிக்குறிப்பு போதாது என்பார்.

எலத்தகிரியில் வாடகை அறை. கீழே பஸ் நிறுத்தம்.
மாம்பழக் காலத்தில் கூழ் ஆலை வேன் இரவு ஒன்பதுக்கு வரும்,
பெண்களைக் கிருஷ்ணகிரிக்கு அள்ளிப்போகும்,
விடிந்ததும் பெங்களூரா வாடையோடு திருப்பிக் கொட்டும்.

ஒரு ஞாயிறு விடியலில்
என்று எழுதிவிட்டேன். இல்லை, சனிக்கிழமை.
சலேத்தம்மாள், பிரகாசி, 'பேர் போடாதீங்க' என்ற இன்னொருத்தி.
இரவில் விழுந்த முனிரத்தினத்தைக் குளிர் அறையில் கிடத்தியிருந்தார்கள்.
போர்த்த ஒரு சேலையோடு போனார்கள்,
அந்தக் கனத்த கதவை யார் இழுப்பார் என்று பேசிக்கொண்டே.
கதவு திறந்திருந்தது. ஆள் இல்லை.
வெள்ளைக் கோட்டுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.
"இங்க இல்ல. வேப்பனப்பள்ளிக்கு அனுப்பியாச்சி.
நீங்க ஒன்னும் பாக்கல, போங்க."

வெள்ளைக் கோட்டு பிரகாசி சொன்னதா, நான் சேர்த்ததா?
குறிப்பேட்டைப் புரட்டினேன்.
அந்த வரி மட்டும் வேறு மையில் இருக்கிறது.
கையெழுத்து என்னுடையது.

வாக்குமூலத்தின் நகலைச் சலேத்தம்மாள்
ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறாள்.
பாதிவரை அவர்கள் பேச்சு:
விழுந்தான். தூக்கினோம். தண்ணி கேட்டான்.
பிறகு நடை மாறுகிறது.
'மேற்படி நபர் ஏற்கெனவே நெஞ்சுவலியால் அவதியுற்று வந்தவர் என்றும்
உறவினர்களுக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை என்றும்.'
மேற்படி, யாதொரு: மேலே ஓரிடத்திலும் இல்லாத சொற்கள்.
மாற்கின் நீண்ட முடிவும் இப்படித்தான் பிடிபட்டது,
அதன் சொற்களே காட்டிக்கொடுத்தன.
பாம்பைப் பிடிக்கலாம், விஷம் குடிக்கலாம், சேதமில்லை என்கிறது அது.
சேர்த்தவர் பாவம், ஆறுதல் தேவைப்பட்டவர்.
ஏட்டய்யாவுக்கு என்ன தேவைப்பட்டது என்று
எந்தப் பிரதியிலும் இல்லை.

"அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.
மாம்பால் பட்டு வெந்த விரல்களை
ஊதிக்கொண்டே சொன்னாள் பிரகாசி:
"யார்கிட்டயும் சொல்லல. பயமா இருந்திச்சி, அதான்."

அதான்.
வாக்கியத்தின் கடைசியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.
ஏடு கிழியவில்லை.
எழுதுகிறவன் செத்துப்போகவும் இல்லை.
அவள் முடித்துவிட்டாள், அவ்வளவுதான்,
அடுத்த விரலை ஊதுகிறாள்.

யாரிடமும் சொல்லாத அந்தக் கதை
டீக்கடைக்குத் தெரியும், கோயில்பிள்ளைக்குத் தெரியும்,
வேப்பனப்பள்ளியில் அவன் தங்கச்சிக்குத்
தண்ணீர் கேட்டது வரைக்கும் தெரியும்.
யார் சொன்னது என்றால் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

நெறியாளருக்கு எழுதினேன்.
'ஆலைப் பெண்ணின் பேச்சு கிரேக்க இலக்கணத்துக்குச் சான்றாகாது.'
ஆகாதுதான்.

நேற்று வேனில் ஒரு கால் வைத்துவிட்டுப் பிரகாசி திரும்பினாள்.
"ஏங்கா, அந்தக் கல்லறைக்குப் போன பொம்பளைங்க...
அவங்களுக்கு அப்புறம் தொந்தரவு எதனா வந்திச்சா?"

முந்நூற்றுப் பதினாறு நூல்கள் என் பட்டியலில்.
ஒன்றும் இதைக் கேட்கவில்லை.
டிரைவர் ஹாரன் அடித்தான்.
அவள் உள்ளே நகர்ந்து இன்னொருத்திக்கு இடம் விட்டாள்.