ஏழில் பாதி

ப்ர்னோ நகரம். நான்காம் மாடி. பிப்ரவரி.
அலமாரி அவனுக்கு, பூனை அவளுக்கு.
மிச்சம் ஒரே கன்செர்ட்டோவின் ஏழு இசைத்தட்டுகள்:
மொசார்ட், இருபத்து மூன்று.

"எல்லாம் ஒன்றுதானே, ஆளுக்குப் பாதி"
என்கிறார் வக்கீல்.
மூன்றரை, என்று முணுமுணுக்கிறாள் லிபுஷே.

ஒன்றா?
வார்சா பெண் இரண்டாம் பகுதிக்குள்
வெந்நீரில் கால் வைப்பதுபோல் இறங்குவாள்.
லண்டன்காரருக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும்.
புடாபெஸ்ட் கிழவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டு
அடுத்ததை
அதற்கும் சேர்த்து மெல்ல அழுத்துவார்.

ஏழாவது இந்த ஊர் அரங்கில் பதிந்தது.
பியானோ தனியே தொடங்குமுன்
கூட்டத்தில் யாரோ இருமுகிறார்கள்.
அன்று இருவரும் அங்கிருந்தார்கள்,
ஒருவரையொருவர் அறியாமல்,
பதினோரு வரிசை தள்ளி.
கல்யாணமான நாளிலிருந்து சண்டை:
அது உன் இருமல்.
இல்லை, உன்னுடையது.

லிபுஷே முள்ளை இறக்குகிறாள்.
கரகரப்பு. பிறகு இருமல்.

"என்னுடையதுதான்" என்கிறான் ரதோவன்.

இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறானா,
தட்டைக் கேட்கிறானா,
தெரியவில்லை.
எழுதிக்கொள்ளலாமா என்று
வக்கீல் வாய் திறக்கிறார்.
அவள் கையமர்த்துகிறாள்.

பியானோ தொடங்கிவிட்டது.