எழுபத்தெட்டின் கீழ் நாற்பத்தாறு

பதினாறு வருசமாய் எனக்குக் கீழ்ப்படியாத கால்கள்
இரவு ஒன்றரைக்கு உதைக்கத் தொடங்கும்.
முதலில் இடது பெருவிரல்.
பிறகு முழங்கால் மடங்கி வயிற்றுக்கு வரும்,
போர்வை நிலத்தில்,
பவானந்தன் சுவரோரம்.
"ஆரோடயப்பா சண்டை?" என்பார் கண் திறவாமல்.
முள்ளந்தண்டில் கச்சான் பருப்பளவு இரும்பு கிடக்குது,
அதைக் கேளுங்கோ.

கிளிநொச்சி கிளினிக்கில்
தசை இளக ஒரு வெள்ளைக் குளிசை தந்தார்கள்.
முதலில் பாதி, பிறகு முழுசு, பிறகு மூன்று நேரம்.
நாக்கு உலர்ந்தது.
கால்கள் நனைந்த சாக்குகளாய்க் கிடந்தன.
நான் நித்திரை கொண்டேன், அவரும்.
கலாமதி மிஸ்ஸி மட்டும்
கைப்பட்டியைக் கழற்றாமல் கேட்டா,
"எழும்பி இருக்கேக்க தலை சுத்துதோ?"
கொஞ்சம், என்றேன்.
அந்தக் கொஞ்சத்தையும் எழுதி வைத்தா.

பவானந்தனுக்குக் குளத்தில் வேலை.
விடியப்போய் வவுனிக்குளத்து அளவுகோலைப் பார்த்து
அடியும் அங்குலமும் எழுதுவார்.
அதே கொப்பியின் பின்பக்கத்தில் என் பிரஷர்.
எனக்கேன் இரண்டு எண், என்று கேட்டேன்.
"குளத்துக்கும் அப்படித்தான்.
துருசுக்குக் கீழே நிக்கிற தண்ணி வயலுக்குப் போகாது.
ஆனா அது இல்லாட்டி குளம் வெடிச்சுப் போகும்."
டொக்டர் சொன்னதைவிட அது விளங்கியது.

மாசியில் சலத்தில் கிருமி, காய்ச்சல்.
அன்று ஞாயிறு. கிளினிக் வியாழன்.
மல்லாவிச் சந்திப் பாமசியில்
முந்திய வருசத்துத் துண்டைக் காட்டி
அதே மருந்தை வாங்கி வந்தார்.
வேறென்ன போடுறீங்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.
ஒரு குளிசை இன்னொன்றின் வாசலை மறிக்கும் என்று
எங்களுக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை கடை திறந்தேன்.
ஒரு பெடியன் பெறுபேற்றுத் தாளை நீட்டினான்,
நாலு கொப்பி.
மெசினுக்குள் பச்சை வெளிச்சம் ஓடியது.
முதல் தாள் சரியாய் வந்தது.
இரண்டாவதில் எழுத்தே இல்லை.
மூன்றாவதில் தாளும் இல்லை.
"அக்கா, அக்கா" என்று
குளத்தின் மறுகரையிலிருந்து கூப்பிட்டான்.

பவானந்தன் வந்து கைப்பட்டியைக் கட்டிக் காற்றடித்தாராம்.
எழுபத்தெட்டின் கீழ் நாற்பத்தாறு.
என்னை நிலத்தில் கிடத்தி
என் கால்களைத் தன் தோளில் போட்டபடி
அம்புலன்ஸ் வரும்வரை முழங்காலில் நின்றாராம்,
பெடியன் கையில் மிச்ச மூன்று கொப்பிக்கான காசோடு.
அது எனக்குத் தெரியாது.
என் கால்களுக்கும் தெரியாது.

"இரண்டையும் ஒன்றாய்ப் போட்டால்
குளிசை உடம்பை விட்டுப் போகாது,
ஒன்று பத்தாய் நிற்கும்" என்றார் டொக்டர்.
அப்ப வெள்ளைக் குளிசையை இனித் தொடமாட்டன், என்றேன்.
"அதுவும் கூடாது. ஒரேயடியாய் நிறுத்தினால்
பிரஷர் மற்றப்பக்கம் ஏறும். மெல்ல மெல்லத்தான்."
பவானந்தன் தலையாட்டினார்.
"ஓம் டொக்டர். துருசை ஒரேயடியாய்ப் பூட்டினா
வான் பாயும்."

இப்போது இரவுக்குப் பாதிக் குளிசை மட்டும்.
எழும்பி இருக்கமுன் நூறுவரை எண்ணுகிறேன்,
எழுபதில் களவு செய்கிறேன்.
ஒன்றரை மணி.
இடது பெருவிரல்.
அவர் முன்கூட்டியே சுவரோரம் நகர்கிறார்.

காலையில் கொப்பியைப் புரட்டினேன்.
முன்பக்கம்: இருபத்தொரு அடி நாலங்குலம்.
பின்பக்கம்: நூற்றிநாலின் கீழ் அறுபத்தாறு.
அதற்குப் பக்கத்தில், புதிதாய் ஒரு கோடு கிழித்து,
உதை: இரண்டு.