ஐம்பத்திரண்டு நிமிடம்

தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.
"என்னத்த எழுதுறது, வீட்ல சும்மாதான் இருக்கேன்"
என்றாள் எடில்மா.
சொல்லிக்கொண்டே மூட்டையை
இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினாள்.

ஏழு படுக்கை விரிப்புகள்.
மகன் யேஃபெர்சன்
கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இரண்டரை வருடம்.
இடுப்புக்குக் கீழே அவனுக்கு எந்தச் சேதியும் போய்ச் சேர்வதில்லை.
இரவில் மூன்று முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்,
இல்லாவிட்டால் முதுகில் புண்.

பொகோட்டாவின் தெற்குச் சரிவு.
கேபிள் கார் நின்றுவிடும் இடத்திலிருந்து
இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு படி.
குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர்.
வெயிலை நம்பித் துவைக்க முடியாத ஊர் இது.
மேகம் இறங்கி வந்து
கொடியில் துணியோடு துணியாகத் தொங்கும்.

நகராட்சி ஒரு திட்டம் போட்டது.
பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.
விஷயம் இவ்வளவுதான்:
துணியை நாங்கள் துவைப்போம்,
அது சுழலும் நேரத்தில் நீங்கள் படியுங்கள்.
கணினி, கடைக்கணக்கு, விட்டுப்போன பத்தாம் வகுப்பு.
வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள நூபியா வருவாள்,
வாரம் இரண்டு நாள்.

"துணி துவைப்பதெல்லாம் ஒரு கொள்கையா?"
என்று கேட்டார் கூட்டத்தில் ஒரு உறுப்பினர்.
கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை.
அதைத் துவைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
என் வேலை ஒப்பந்த வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள்.

முதல் நாள்
வகுப்பறைக் கதவைக் காட்டினேன். தலையாட்டினாள்.
நான்காம் எந்திரத்தின் முன்னால்
பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
வட்டக் கண்ணாடிக்குள் நுரை ஏறுவதைப் பார்த்தபடி
"யாரும் கசக்காமலே போகுதே அழுக்கு"
என்றவள்
முதல் அலசலுக்கு முன்பே தூங்கிப்போனாள்.

எழுப்பத்தான் போனேன்.
மூன்று வகுப்புக்கு வராதவர்களுக்குச் சலவை ரத்து, விதி ஆறு.
தோள்வரை போன கை
அங்கேயே நின்றது.
கழுத்தில் மருந்துக் களிம்பின் வாசம்.
எந்திரத்தில் சாய்ந்திருந்த தலை
எந்திரத்தோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது,
வாய் லேசாகத் திறந்து.

ஐம்பத்திரண்டு நிமிடம்.
முடிந்ததும் எந்திரம் கூவியது.
"வர்றேன்டா, வர்றேன்!"
துள்ளி எழுந்து
எந்திரத்தைப் பார்த்து நின்றாள்.
சற்று நேரம் கழித்துத்தான்
இது எந்த இடம் என்று அவளுக்குப் புரிந்தது.

மாத அறிக்கையில் எழுதினேன்:
"பயிற்சி: சும்மா இருத்தல். நிலை: தொடக்கம்."
தலைமை அலுவலகம் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியது.
உடல்நலம் என்ற கட்டத்துக்கு மாற்றினேன், போய்விட்டது.
பிறகு மூன்று பாய் வாங்கினோம்,
செலவுக் கணக்கு "கற்றல் உபகரணங்கள்."
இப்போது பதினொரு பேர் தூங்குகிறார்கள்.
கணினி வகுப்பில் நான்கு பேர்.
எதை வெற்றி என்று காட்டுவது,
எனக்கு நிச்சயமில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு படியும் அப்படியே இருக்கிறது.
உலர்ந்த மூட்டையும் மூட்டைதான்.
நூபியா வராத ஐந்து நாட்களைப் பற்றி
எந்த விதியிலும் ஒரு வரி இல்லை.

வருடம் திரும்பியது. அதே படிவம், அதே கட்டம்.
தொழில்?
"சும்மா..." என்று தொடங்கியவள்
நான்காம் எந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.
"இல்ல, எழுதாதீங்க.
அது இங்க வந்தா மட்டும்தான்."

பேனா காத்திருக்கிறது.
அவளுக்குப் பின்னால் வரிசையில்
எட்டு மூட்டைகள்,
ஒன்றிலிருந்து நீர் சொட்டுகிறது.