ஒற்றை மேடைத் தராசு

வடுவூருக்குத் தெற்கே கொள்முதல் நிலையத்தில்
நான் பட்டியல் எழுத்தர்.
குறுவை சமயத்தில் நாளைக்கு எண்ணூறு மூட்டை
என் கண்முன்னால் தராசில் ஏறி இறங்கும்.
பதினோரு மாதமாய்
ஒரு பருக்கை என் உள்ளே போகவில்லை.

காலையில் நெய்யில் வறுத்த பாதாம், எண்ணி நூறு.
மதியம் நாலு முட்டை, வெண்ணெய், கொஞ்சம் கீரை.
ராத்திரி ஆட்டுக்கறி, கொழுப்பை நீக்காமல்.
சாக்குத் தைக்கும் ஊசியை நிறுத்திவிட்டு
காத்தமுத்து என் டப்பாவை எட்டிப் பார்ப்பான்:
"இதுக்குப் பேரு பத்தியமா சார்?"

முதல் வாரம் மண்டை பிளந்தது.
உப்புத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், குடித்தேன்.
இரண்டாம் வாரம் கெண்டைக்கால் இழுத்தது.
மூன்றாம் வாரம் ஒரு விடியலில்
மன்னார்குடி சாலையில் வண்டியை ஓரங்கட்டி
வேர்த்து நடுங்கி உட்கார்ந்துவிட்டேன்.
சர்க்கரை ஐம்பத்தெட்டு.
சோற்றை நிறுத்தியவன்
சோற்றுக்கென்று எழுதிய மாத்திரையை நிறுத்தவில்லை.
டாக்டர் மெஹ்ருன்னிசா திட்டியதில்
பாதி சீட்டில் இருந்தது, மீதி முகத்தில்.

பிறகு நல்ல காலம். மறைக்க மாட்டேன்.
மூன்று மாதச் சர்க்கரை
ஒன்பதரையிலிருந்து ஆறேகாலுக்கு இறங்கியது.
பதினான்கு கிலோ போயிற்று.
மதியம் இரண்டு மணிக்குப் பட்டியலின் மேல்
தலை கவிழும் அந்தத் தூக்கம்
வேறு நிலையத்துக்கு மாற்றலாகிப் போனது.
வருடக்கணக்காய் எரிந்த உள்ளங்கால்
ஒருநாள் சிமெண்ட் தரை குளிர்ச்சியாய் இருக்கிறது
என்று எனக்குத் தகவல் தந்தது.

அதே தாளில் அடுத்த வரி:
கெட்ட கொழுப்பு, போன வருடம் நூற்றுப் பதினெட்டு.
இப்போது இருநூற்று ஆறு.
அப்பாவுக்கு ஐம்பத்திரண்டில் நெஞ்சுவலி.
எனக்கு நாற்பத்தொன்பது.
இதை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

"இவ்வளவு ஏறினால் அடைத்துக்கொள்ளுமா டாக்டர்?"
"எல்லோருக்கும் அடைக்கும் என்று சொல்ல மாட்டேன்.
உங்களுக்கு அடைக்காது என்றும் சொல்ல மாட்டேன்.
இருபது வருடம் இப்படியே சாப்பிட்டால் என்ன ஆகும்
என்பதில் எனக்குத் தெரிந்தது கம்மி."
தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி
நான் கேட்டது அதுதான் முதல் தடவை.
அவரை நம்பத் தொடங்கியதும் அன்றுதான்.

நெல்லில் ஈரப்பதம் பதினேழு வரை எடுக்கலாம்.
பதினேழு புள்ளி நாலு என்றால்
கொட்டிக் காயவைக்கச் சொல்லுவேன்.
வானம் கருத்திருக்கும்,
நெல்லுக்காரர் முகமும் கருக்கும்.
என் கையில் ஒன்றுமில்லை என்பேன்.
இன்றைக்கு வாசலில் குவிந்து கிடப்பது
என் ரத்தம். மேகமும் இருக்கிறது.

எடமேலையூர் பவுனம்பாள்
மூன்று நாளாய்க் குவியலுக்குக் காவல் கிடந்தவள், கேட்டாள்:
"அளக்கிற நீங்களே திங்க மாட்டேங்குறீங்க.
பொறவு இது ஆருக்கு?"
சர்க்கரை வியாதி என்றேன்.
"எனக்குந்தான் இருக்கு. வெண்ணெ என்னா வெல?"
சொன்னேன்.
மூட்டைக் கணக்கில் விரலை மடக்கினாள்.
மூன்றாவது விரலில் நிறுத்தி
எல்லாவற்றையும் விரித்துவிட்டாள்.

கடைசி லாரி போனபின் தராசில் ஏறினேன்.
மின்னணுத் தராசு, இரண்டு தட்டு கிடையாது.
இந்தப் பக்கம் குளிர்ந்த உள்ளங்காலையும்
அந்தப் பக்கம் அப்பாவின் நெஞ்சையும் வைக்க வழியில்லை.
எல்லாம் சேர்த்து எழுபத்து நாலு என்றது.
"சாக்கு எடையக் கழிக்கணும் சார்"
என்றான் காத்தமுத்து, இருட்டிலிருந்து.

வீட்டில் தையல்நாயகி
டாக்டர் சொன்னபடி வெண்ணெய் டப்பாவை
மேல் பரணுக்கு ஏற்றியிருந்தாள்.
தட்டில் கெளுத்தி மீன், அவரைக்காய்,
ஓரத்தில் இந்தக் குறுவையின் சோறு, ஒரு கைப்பிடி.
மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள்.
நான் நாலு பருக்கையை எடுத்து
கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தேன், பழக்க தோஷம்.
ஈரம் பதினேழுக்கு மேலேதான்.